டப்பாவைத் திறந்து காட்டிய ஆச்சிக்கும், உங்கள் எல்லோருக்கும்

அன்புடையீர், வணக்கம்.

நேற்று, 2024 ஜனவரி 13 சனிக்கிழமை காலை, எங்கள் ஊர்ப்புற நூலகத்தில் மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கான பொங்கல் கதை நேரம் நடந்தது. பதினான்கு குழந்தைகள் வந்தார்கள். இந்த ஆண்டு இது நடக்கும் என்ற நம்பிக்கை கிறிஸ்துமஸ் வரைக்கும் எனக்கு இல்லை. எரிப்பதற்கு ஒரு பழைய பாய்கூட மிஞ்சாத இந்தப் போகி நாளில், மனம் நிறைந்திருக்கும்போதே நன்றியை எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

கடந்த டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையிலும் வெள்ளத்திலும் தாமிரபரணிக் கரையில் நாம் பட்டதை இங்கே மறுபடியும் சொல்லப் போவதில்லை. இதைப் படிப்பவர்களில் பாதிப் பேர் எங்களோடு அதே மொட்டை மாடிகளில் நின்றவர்கள். மீதிப் பேர் சோறும் தண்ணீரும் கொண்டு எங்களைத் தேடி வந்தவர்கள்.

நான் முதலில் நன்றி சொல்ல வேண்டியவரின் பெயர் எனக்குத் தெரியாது. கத்தரிப்பூ நிறச் சேலை உடுத்தி, எழுபது வயதைத் தாண்டிய ஓர் ஆச்சி அவர். பேத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து, கடைசிப் பாயின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார்.

இந்த வயதுக் குழந்தைகளுக்குக் கதை என்பது பெரும்பாலும் ஓசையும் கையசைவும்தான். பத்து நிமிடத்துக்கு மேல் ஒரு கதை தாங்காது. ஒரே வரி ஐந்தாறு முறை திரும்பி வர வேண்டும். அந்த வரி வரும்போதெல்லாம் குழந்தையின் காதுக்கோ கைக்கோ ஏதாவது ஒரு வேலை இருக்க வேண்டும். அதனால் பால்மாவு டப்பாவில் இரண்டு கைப்பிடி அரிசியைப் போட்டு மூடி, மழை வரும் இடத்தில் அதைக் குலுக்குவது என் நெடுநாள் வழக்கம். மழை வந்தது, வயல் நனைந்தது, நெல் விளைந்தது, பானை பொங்கியது என்று போகும் சின்னக் கதை அது. இந்த ஆண்டு மழையை எடுத்துவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். மழை இல்லாமல் பானைக்கு அரிசி எங்கிருந்து வரும் என்று எண்ணி, அப்படியே விட்டுவிட்டேன். மழை என்ற சொல்லைப் பற்றி அத்தனை யோசித்த நான், அதன் ஓசையைப் பற்றி யோசிக்கவில்லை. அது என் தவறு.

மெல்லத்தான் குலுக்கினேன். முன்வரிசையில் இருந்த இரண்டரை வயதுப் பையன் எழுந்து நின்று, அம்மாவின் முந்தானையைப் பிடித்து இழுத்து, “மாடிக்கு, மாடிக்கு” என்று அலறத் தொடங்கினான். அவனைப் பார்த்துப் பக்கத்துக் குழந்தை அழுதது. அதைப் பார்த்து அடுத்தது அழுதது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்தது என்று நாம் ஒரு மாதமாகப் பேசிக்கொண்டிருக்கிறோம். பேசத் தெரியாத பிள்ளைகளின் காதுக்குள் அந்த மழை இன்னும் விடவில்லை என்பது எனக்கு அந்த நொடியில்தான் உறைத்தது. இருபத்திரண்டு ஆண்டுகள் அங்கன்வாடியில் பிள்ளைகளோடு இருந்தவள் நான். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. டப்பாவை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன். அவன் அழுகை இன்னும் கூடியது. சத்தம் போட்ட பொருள் கண்ணில் படாமல் போனது அவனை மேலும் பயமுறுத்தியிருக்க வேண்டும்.

அப்போதுதான் அந்த ஆச்சி பேத்தியை மடியிலிருந்து இறக்கிவிட்டு, முழங்காலில் கையூன்றி எழுந்து வந்தார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. மறைத்து வைத்திருந்த டப்பாவை என் கையிலிருந்து வாங்கி, பையனுக்கு எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்து, மூடியைத் திறந்து, உள்ளே இருப்பது அவனுக்குத் தெரியும்படி சாய்த்துப் பிடித்தார். “எய்யா, மழை இல்லய்யா. அரிசி. பொங்கப்பானைக்கு உள்ள அரிசி” என்றார்.

அவன் அலறலை நிறுத்திப் பார்த்தான். அவனுடைய உள்ளங்கையை விரித்து அதில் நாலு அரிசியை வைத்தார். கதைக்காக நான் கொண்டுவந்திருந்த மரச்சொப்புப் பானையை இழுத்து அவன் முன்னால் வைத்தார். அவன் அரிசியைப் போட்டான். பிறகு பேத்தியை அழைத்து அவள் கையில் வைத்தார். பிறகு அடுத்த பிள்ளை, அதற்கடுத்த பிள்ளை. பதினான்கு குழந்தைகளும் அம்மாவின் மடியை விட்டு இறங்கி, தவழ்ந்தும் தள்ளாடியும் பானையருகே வந்து அரிசி போட்டு முடிக்கும்வரை அவர் அவசரப்படவே இல்லை. கடைசிக் குழந்தையும் போட்டதும், ஆச்சி வாயருகே கையை வைத்துக் குலவையிட்டார். பாயில் இருந்த பெண்கள் எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். டிசம்பருக்குப் பிறகு எங்கள் தெருவில் நான் கேட்ட முதல் குலவை அது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

குலவை ஓய்ந்ததும் அந்தப் பையன் டப்பாவுக்குக் கை நீட்டினான். ஆச்சி மூடிக் கொடுத்தார். ஒரு முறை குலுக்கினான். திறக்கச் சொல்லி, உள்ளே அரிசி இருக்கிறதா என்று பார்த்தான். மூடச் சொல்லி மறுபடியும் குலுக்கினான். மறுபடியும் திறந்து பார்த்தான். இப்படி ஏழெட்டு முறை நடந்தது. பதின்மூன்று குழந்தைகளும் பெரியவர்களும் அவனுக்காகக் காத்திருந்தோம். “இனி மழையைச் சொல்லுங்க டீச்சர்” என்று ஆச்சி என்னைப் பார்த்துச் சொன்ன பிறகு கதையை முதலிலிருந்து தொடங்கினேன். மழை வந்த இடத்தில் குலுக்கியவன் அவன்தான்.

நேற்று முழுவதும் இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் அந்தக் குழந்தையிடம் ‘பயப்படாதே’ என்று ஒருமுறைகூடச் சொல்லவில்லை. ‘ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை’ என்றும் சொல்லவில்லை. நான் சொல்லியிருப்பேன், அத்தனை ஆண்டுகளாக எத்தனையோ பிள்ளைகளிடம் அப்படித்தான் சொல்லி வந்திருக்கிறேன். சத்தத்துக்குள் இருந்ததை எடுத்து அவன் கையில் வைக்க வேண்டும் என்று அவருக்கு எப்படித் தோன்றியதோ! கதை முடிந்து எல்லோருக்கும் சர்க்கரைப் பொங்கல் கொடுத்துக்கொண்டிருந்தபோது, அவர் பாயில் சிந்தியிருந்த அரிசியை ஒவ்வொன்றாகப் பொறுக்கி டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தார். அது நிவாரணத்தில் வந்த அரிசி. நான் கை கழுவித் திரும்பியபோது பேத்தியோடு போய்விட்டிருந்தார்.

மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டிய நன்றியும் நிறைய இருக்கிறது. இடுப்பளவு சேற்றைக் கூடையில் வாரி வெளியே கொட்டிய கல்லூரிப் பிள்ளைகளுக்கும், நனைந்த படப் புத்தகங்களின் தாள்களுக்கு நடுவே காகிதம் வைத்து, மின்விசிறிக் காற்றில் நாள் கணக்காகக் காயவைத்து, நாற்பதுக்கும் மேற்பட்ட புத்தகங்களைத் திரும்பத் தந்த நூலகருக்கும் என் வணக்கம். மிக்ஜாம் புயலில் தன் வீட்டுக்குள்ளும் தண்ணீர் புகுந்திருந்தும், மகளின் துணிப் புத்தகங்களைத் துவைத்து மடித்துச் சென்னையிலிருந்து அனுப்பிய தாய்க்கும், அம்பாசமுத்திரம் கடைசல் சொப்புகளைப் பேருந்தில் மடியில் வைத்தே கொண்டுவந்து சேர்த்தவருக்கும், ஆளுக்கொன்றாக ஓலைக் கிலுகிலுப்பை முடைந்து தந்த பெரியவருக்கும், பாலுக்குக் காசு வாங்க மறுத்த டீக்கடைக்காரருக்கும் கடமைப்பட்டிருக்கிறேன். சுவரில் சேற்றுக் கோடு அழியாத வீட்டிலிருந்து பிள்ளையைக் குளிப்பாட்டி, பொட்டு வைத்து, பத்தரை மணிக்குச் சரியாகத் தூக்கிக்கொண்டு வந்த ஒவ்வொரு தாய்க்கும் தனித்தனியே நன்றி சொல்ல ஆசை. நீங்கள் வராமல் இருந்திருந்தால் நான் வெறும் பாயைப் பார்த்துக் கதை சொல்லியிருக்க வேண்டும்.

ஒன்றை உங்கள் முன்னிலையில் உறுதியாகச் சொல்லிக்கொள்கிறேன். நம் பக்கத்துச் சிறுமிகள் மார்கழி முழுவதும் வாசல் கோலத்தில் வைத்த பூவைச் சாணத்தோடு தட்டிக் காயவைத்துச் சேர்த்து, தையில் சின்னஞ்சிறு மண் வீடு கட்டி, அதற்குள் சிறுவீட்டுப் பொங்கல் இட்டு, காய்ந்த எருவையும் பொங்கலையும் ஆற்றில் விடுவது வழக்கம். இந்த முறை மார்கழி முதல் நாளே மழையாகப் போனதால், பல வாசல்களில் கோலமும் இல்லை, பூவும் இல்லை. ஆனாலும் தை மாதத்துக்குள் நூலக முற்றத்தில் ஒரு சிறுவீடு கட்டுவோம். ஆறு கொண்டுவந்து போட்ட வண்டல் அங்கே இன்னும் குவிந்து கிடக்கிறது. அதையே குழைத்துக் கட்டுவோம். நடக்கத் தெரிந்த பிள்ளைகள் எல்லோரும் ஆளுக்கு ஒரு பிடி மண் அப்ப வேண்டும். இனி நான் எந்தக் கதை சொன்னாலும், குலுக்குவதற்கு முன்பு டப்பாவைத் திறந்து ஒவ்வொரு பிள்ளைக்கும் காட்டிவிட்டுத்தான் தொடங்குவேன்.

அந்த ஆச்சியைத் தெரிந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், அவருக்குப் படித்துக் காட்டுங்கள். அடுத்த சனிக்கிழமையும் கதை உண்டு. முன்வரிசைப் பாயில், சுவரில் சாய்ந்துகொள்ள வசதியான இடத்தை அவருக்காக ஒதுக்கி வைத்திருக்கிறேன் என்று சொல்லுங்கள். அவர் பொறுக்கிப் போட்ட அரிசி அதே டப்பாவில்தான் இருக்கிறது.

நன்றியுடன்,
கதை சொல்லும் டீச்சர்