மருதாணிச் சாறும் செப்புத் தகடும்

அன்புள்ள சேகர்,

கடிதம் வந்தது. முழங்கால் வலி குறைந்துவிட்டது என்று எழுதியிருந்தாய், நிம்மதி. என் கண்ணாடிக்குத்தான் பவர் ஏறிக்கொண்டே போகிறது.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். உலோகம் அரிக்காமல் இருக்க, மருதாணி இலையைக் கொதிக்க வைத்து அந்தச் சாற்றைப் பயோடீசல் (தாவர எண்ணெய் போன்றவற்றிலிருந்து செய்யும் டீசல்) டேங்கில் ஊற்றலாமா என்கிறாய். தயவுசெய்து ஊற்றிவிடாதே! அங்கே முதல் எதிரியே தண்ணீர்தான். பயோடீசல் சாதாரண டீசலைவிட ஈரத்தை அதிகம் உறிஞ்சும். காற்றுப் பட்டால் பழைய எண்ணெய் மாதிரி சிக்குப் பிடித்து ஃபார்மிக், அசிட்டிக் அமிலங்களாக மாறத் தொடங்கும். முதலில் அடி வாங்குவது செம்பும் பித்தளையும். இதில் கொடுமை, கரைந்து இறங்கும் செம்பு எரிபொருளை இன்னும் வேகமாகக் கெடுக்கிறது.

உப்புத்தாளில் தேய்த்துப் பளபளப்பாக்கிய இரண்டு செப்புத் தகடுகளை இரண்டு ஜாடிகளில் போட்டு வைத்தேன். ஒன்றில் வெறும் பயோடீசல். மற்றதில், தேயிலையை எத்தனாலில் ஊற வைத்து, வடிகட்டி, எத்தனால் ஆவியான பிறகு மிஞ்சிய பசையைக் கொஞ்சம் கலந்தேன். ஆறு வாரம் கழித்து முதல் ஜாடியில் எண்ணெய் லேசாகப் பச்சை பூத்திருந்தது, தகடு கறுத்துக் கிடந்தது. இரண்டாவது தகடு மங்கியதோடு சரி. ஆனால் பசையில் பாதி கரையாமல் அடியில் தங்கிவிட்டது. அதை நினைத்தால்தான் பயம்; ஃபில்டரை அடைத்துவிடுமே.

இலைச்சாறு அமிலத்தில் இரும்பைக் காப்பாற்றியது என்று எத்தனையோ ஆய்வுகள் உண்டு. இலைகளில் இயற்கையாகவே இருக்கும் பாலிஃபீனால்கள் என்ற வேதிப்பொருள்கள் உலோகத்தின் மேல் ஒட்டிப் படலமாக நிற்கும், உண்மைதான். ஆனால் அதெல்லாம் பெரும்பாலும் தண்ணீர்க் கரைசலில் நடந்த கதை. எண்ணெயில் முதலில் கரைய வேண்டும், பிறகு எரியும்போது சாம்பல் மிஞ்சக் கூடாது. எனக்குப் பிடித்த விஷயம் வேறு: அதே பாலிஃபீனால் எரிபொருள் சிக்குப் பிடிப்பதையும் தள்ளிப்போடும். தகட்டை நேராகக் காத்ததா, அமிலமே உருவாகாமல் தடுத்ததா என்று என் ஜாடியைப் பார்த்துச் சொல்ல முடியாது.

வழக்கமான செப்புத் தகடு சோதனை 50 டிகிரியில் 3 மணி நேரம்தான்; நிறத்தைப் பார்த்து 1 முதல் 4 வரை தரம் போடுவார்கள். மாதக்கணக்கில் டேங்கில் கிடக்கும் எரிபொருளுக்கு அது போதாது என்பது என் கட்சி.

அப்புறம், உன்னிடம் மில்லிகிராம் காட்டும் அந்தப் பழைய தராசு இன்னும் இருக்கிறதா? வரும்போது எடுத்து வா. நிறத்தை நம்பாமல் தகட்டை எடை போட்டே சண்டை போடுவோம்.

அன்புடன்,
ரவி