டாக்டர் கேரன் ஜென்சனுக்கு ஒரு லேப் டெக்னீஷியன் எழுதும் கடிதம்

அன்புள்ள டாக்டர்,

வணக்கம். நீங்கள் சினிமாவில் வரும் ஆள், இந்தக் கடிதம் உங்களுக்கு வந்து சேராது என்றெல்லாம் தெரியும். இருந்தாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை. நேற்று ராத்திரி ‘பிளேடு’ படத்தை மறுபடியும் போட்டுப் பார்த்தேன். 1998இல் வந்த படம். பாதி மனுஷன், பாதி ரத்தக் காட்டேரியான பிளேடு மற்ற காட்டேரிகளை வேட்டையாடுகிற கதை, அதில் நீங்கள் ரத்த நோய் டாக்டர். முதன்முதலில் பார்த்தது ஹாஸ்டல் அறையில், வாடகை சிடியில், ஒரு சின்ன மானிட்டர் முன்னால் பத்துப் பேர் நெருக்கியடித்துக்கொண்டு. அன்றைக்கு எங்கள் கண்ணெல்லாம் பிளேடாக நடித்த வெஸ்லி ஸ்னைப்ஸ் மேல்தான். நீளமான கறுப்புக் கோட்டு, கூலிங் கிளாஸ், முதுகில் வாள், அப்புறம் ஆரம்பத்திலேயே கூரைக் குழாயிலிருந்து ரத்தம் மழையாகக் கொட்டும் அந்த டான்ஸ் காட்சி. நீங்கள் படத்தில் இருந்ததே எனக்கு மறந்துபோயிருந்தது, மன்னிக்கவும்.

இப்போது பதினைந்து வருஷமாக ரத்தப் பரிசோதனைதான் என் பிழைப்பு. அதனாலோ என்னவோ, இந்தத் தடவை உங்களை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தக் கரிந்துபோன காட்டேரிப் பிணத்தின் ரத்தத்தை மைக்ராஸ்கோப்பில் வைத்து, சிவப்பணு நடுவில் குழிந்திருக்காமல் புடைத்திருக்கிறதே என்று பேசிக்கொள்கிறீர்களே, அங்கேயே நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். 1973இல் மார்வ் வுல்ஃப்மனும் ஜீன் கோலனும் காமிக்ஸில் பிளேடைக் கொண்டுவந்தபோது அவன் ஆயுதம் தேக்குமரக் கத்தி. படத்தில் சிலுவையெல்லாம் வேலைக்கு ஆகாது என்று, பிளேடுக்கு ஆயுதம் செய்து கொடுக்கும் கிழவர் விஸ்லர் முதலிலேயே சொல்லிவிடுகிறார். காட்டேரிகளுக்கு வெள்ளி என்றால் அலர்ஜி, பூண்டு உள்ளே போனால் ஷாக். காட்டேரியைப் பேயாகப் பார்க்காமல் நோயாளியாகப் பார்த்த படம் இது. டேவிட் கோயர் எழுதிய திரைக்கதையில் எனக்குப் பிடித்ததே அதுதான்.

அப்புறம் ஈடிடிஏ. அதை நீங்கள் கையில் எடுத்ததும் நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன், பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் திட்டினார்கள். ஊதா மூடி போட்ட டியூபில் நாங்கள் தினமும் பிடிக்கிற சமாச்சாரம் அது. கால்சியத்தைக் கவ்விக்கொள்ளும், ரத்தம் உறையாது, அவ்வளவுதான் அதன் வேலை. ஒருமுறை புதிதாகச் சேர்ந்த பையன் ஊதா டியூபிலிருந்த ரத்தத்தை, உப்புச் சத்தெல்லாம் பார்ப்பதற்கான மஞ்சள் டியூபில் ஊற்றிவிட்டான், அளவு போதவில்லையாம். ஈடிடிஏவோடு இருக்கும் பொட்டாசியமும் சேர்ந்துகொள்ள, ரிசல்ட்டில் பொட்டாசியம் வானத்தில், கால்சியம் தரையில். அப்படி ஒரு ஆள் உயிரோடு இருக்கவே முடியாது. அவரோ வெளியே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

அதனால் கடைசியில் வில்லன் காட்டேரி ஃபிராஸ்ட் உடம்பில் அது சிரிஞ்சு சிரிஞ்சாக ஏறுவதை நான் முழுக்கப் பொய் என்று சொல்லமாட்டேன். மனுஷனுக்கே நரம்பில் கண்டபடி ஏற்றினால் கால்சியம் இறங்கி இதயம் நின்றுவிடும். ஆனால் பலூன் மாதிரி வீங்கி வெடிக்காது. அந்த கிராபிக்ஸ் அன்றைக்கே சுமார், இன்றைக்கு ரொம்பவே பரிதாபம். முதலில் ஃபிராஸ்ட் ரத்தச் சுழலாக மாறுவதுபோல ஒரு முடிவு எடுத்திருந்தார்கள், வெள்ளோட்டம் பார்த்தவர்களுக்குப் பிடிக்காமல் போனதால் வாள் சண்டையாக மாற்றினார்கள். சண்டை என்னவோ நன்றாகத்தான் இருக்கிறது, ஸ்னைப்ஸ் நிஜமாகவே கராத்தே கற்றவர் என்பது அவர் நிற்கிற நிலையிலேயே தெரிகிறது.

ஆனால் டாக்டர், எனக்கு உறுத்துவது வேறு. கழுத்தில் கடிபட்டு, நாள் எண்ணிக்கொண்டிருந்த நிலையிலும், கிடைத்த சாமான்களை வைத்து உங்களுக்கு நீங்களே மருந்து கண்டுபிடித்துக் குணமாகிவிட்டீர்கள். பிளேடையும் குணப்படுத்துகிறேன் என்கிறீர்கள். அவன் என்ன சொல்கிறான்? அது வேண்டாம், சண்டை இன்னும் முடியவில்லை, ரத்த தாகத்தை அடக்க நான் போட்டுக்கொள்ளும் சீரம் ஊசி மருந்தையே இன்னும் நல்லதாகச் செய்து கொடு என்கிறான்! சின்ன வயதில் அதைக் கேட்டு விசிலடித்தோம். இப்போது கேட்டால் எங்கள் கவுண்டருக்கு வரும் சர்க்கரைக்காரர் ஒருவர் ஞாபகம் வருகிறார். சாப்பாட்டைக் குறைக்கச் சொன்னால், ‘அதெல்லாம் விடு தம்பி, டாக்டர்கிட்ட சொல்லி மாத்திரையக் கூட்டித் தரச் சொல்லு’ என்பார். பிளேடுக்காவது ஒரு நியாயம் இருக்கிறது, குணமானால் பலமும் போய்விடும். 2002இல் இரண்டாம் பாகம் வந்தது. செத்ததாக நினைத்த விஸ்லர்கூடத் திரும்பி வந்தார், உங்களைத்தான் காணோம்.

இன்னொன்று கேட்க வேண்டும். கடைசிச் சண்டை நடக்கும் அந்தக் காட்டேரிக் கோயிலில், குற்றுயிராகக் கிடந்த பிளேடுக்கு உங்கள் ரத்தத்தையே குடிக்கக் கொடுத்தீர்களே, எத்தனை மில்லி போயிருக்கும்? ரத்ததான முகாமில் 350 மில்லி எடுத்தாலே பத்து நிமிஷம் படுக்கவைத்து, ஜூஸும் பிஸ்கட்டும் கொடுத்துத்தான் எழுப்புவோம். நீங்கள் எழுந்து நேராக அடுத்த சண்டைக்குப் போய்விட்டீர்கள். ஹீமோகுளோபின் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். எந்த டியூப் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இப்படிக்கு,
ஊதா மூடி டியூபோடு மல்லுக்கட்டும் ஒருவன்