வண்டி எடுத்திருக்கும் மகளுக்கு

அன்பு மகளே,

பைக் எடுத்துவிட்டாய். இனிமேல் வேண்டாம் என்று சொல்லிப் பயனில்லை, சொல்லவும் போவதில்லை. "பார்த்துப் போ" என்று இதற்குள் எல்லோரும் சொல்லியிருப்பார்கள். எதைப் பார்ப்பது, பார்த்ததும் கை என்ன செய்ய வேண்டும் என்பதை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அதற்குத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்.

1981-ல் அமெரிக்காவில் ஹாரி ஹர்ட் என்பவர் தலைமையில் ஓர் ஆய்வறிக்கை வந்தது. லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில் நடந்த 900 பைக் விபத்துகளை, நடந்த இடத்துக்கே போய் ஆராய்ந்து எழுதியது. பழைய அறிக்கைதான், ஆனாலும் பைக் பாதுகாப்பு என்று பேச்செடுத்தால் இன்றும் அங்கிருந்துதான் தொடங்குவார்கள். அதில் ஏறக்குறைய முக்கால்வாசி விபத்துகள் இன்னொரு வாகனத்தோடு மோதியவை. அவற்றில் மூன்றில் இரண்டு பங்கில் தப்பு அடுத்த வாகனக்காரருடையது, பைக்குக்கு விட வேண்டிய வழியை விடவில்லை. ஆபத்து கண்ணில் பட்டதிலிருந்து மோதும்வரை ஓட்டியவருக்குக் கிடைத்த நேரம் பெரும்பாலும் 2 நொடிக்கும் குறைவு. அந்த நேரத்துக்குள் பலரும் செய்தது ஒரே காரியம்: பின் பிரேக்கை முழுசாக மிதித்துச் சக்கரத்தைச் சுழலவிடாமல் லாக் செய்துவிட்டு, முன் பிரேக்கைப் போதுமான அளவு பிடிக்காமல் விட்டது.

2 நொடியில் யோசிக்க முடியாது. கைக்கு எது பழகியிருக்கிறதோ அதுதான் நடக்கும். அதனால் உன் முதல் மாதத்தில் ஊர் சுற்றுவதைவிட, காலி மைதானத்தில் நிறுத்திப் பழகுவதற்கு அதிக நேரம் கொடு. இன்னொன்று, அந்த 900 பேரில் 92 சதவீதம் பேர் தாமாகவோ, வீட்டாரிடமோ நண்பர்களிடமோ ஓட்டப் பழகியவர்கள். அப்பா எழுதிய கடிதமும் அந்தக் கணக்கில்தான் சேரும், ஆகவே முறையான பயிற்சி வகுப்பு கிடைத்தால் தவறாமல் சேர்ந்துவிடு.

பிரேக் போட்டதும் வண்டியின் எடையும் உன் எடையும் முன்னால் சாய்கின்றன. முன் டயர் தரையில் அழுந்துகிறது, அதன் பிடிப்பு கூடுகிறது. பின் டயர் லேசாகிறது, கொஞ்சம் மிதித்தாலே லாக் ஆகிச் சறுக்குகிறது. வண்டியை நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன் பிரேக்கினுடையது. "முன் பிரேக் பிடித்தால் தூக்கி அடிக்கும்" என்று சொல்லிக்கொடுப்பவர்கள் இருக்கிறார்கள், காதில் வாங்காதே. முன் பிரேக்கைத் திடீரென்று வெடுக்கென இழுப்பதுதான் விழ வைக்கிறது. எடை முன்னால் வந்து சேர்வதற்குள் சக்கரம் நின்றுவிடும், அவ்வளவுதான் விஷயம்.

மணல், ஈரம், சரிவு இல்லாத தரையாகப் பார். முதலில் 20 கிலோமீட்டர் வேகம். ஹேண்டில் நேராக இருக்கட்டும், பார்வை தூரத்தில், தரையில் வேண்டாம். ஆக்ஸிலரேட்டரை முழுதாக மூடு, கிளட்ச்சைப் பிடி, பின் பிரேக்கை லேசாக மிதி, முன் பிரேக் லீவரை முதலில் மெதுவாகப் பிடி. முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் கீழே அமுங்குவது கையில் தெரியும். தெரிந்த பிறகு அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போ, நனைந்த பஞ்சைப் பிழிவதுபோல. நிற்பதற்குள் முதல் கியருக்கு வா, நின்றதும் இடது கால் தரையில். 20-ல் பதறாமல் நிற்க வந்தபின் 30, பிறகு 40, 50. ஒரே நாளில் எல்லாம் வேண்டாம். கை வலித்தால் விட்டுவிடு, களைத்த கை தப்பாகப் பழகும்.

முன் சக்கரம் லாக் ஆனால் லீவரை உடனே விட்டு, மறுபடி மெதுவாகப் பிடி. பின் சக்கரம் லாக் ஆகி வண்டி நேராகவே போனால் மிதியைக் கொஞ்சம் தளர்த்து. ஆனால் பின்பக்கம் ஏற்கெனவே பக்கவாட்டில் விலகிவிட்டது என்றால் விடாதே, நிற்கும்வரை அழுத்தியே வை. அந்த நிலையில் பிரேக்கை விட்டால் டயருக்குத் திடீரென்று பிடிப்பு வந்து, வண்டி வெட்டென்று நிமிர்ந்து உன்னை மறுபக்கம் வீசிவிடும். சறுக்கி விழுவதைவிட அது பல மடங்கு மோசம். உன் வண்டியில் சக்கரம் லாக் ஆகாமல் தடுக்கும் ஏபிஎஸ் இருந்தால் லாக் ஆகும் கவலை குறைவு. லீவர் கையில் துடிக்கும், பயந்து விட்டுவிடாமல் பிடித்தபடியே இரு. வளைவில் சாய்ந்திருக்கும்போது சாதாரண ஏபிஎஸ்ஸை நம்பக் கூடாது.

வேகத்துக்கு என்ன விலை என்று பார். 50-ல் போகும் வண்டி ஒரு நொடியில் 14 மீட்டர் ஓடிவிடும். கண் பார்த்து கை பிரேக்கைத் தொட ஒரு நொடி, அதற்கே 14 மீட்டர். நல்ல தரையில் நன்றாகப் பிடித்து நிற்க இன்னொரு 14. ஆக 28. அதே கணக்கில் 70-ல் ஏறக்குறைய 46 மீட்டர். 20 கிலோமீட்டர்தான் கூடியது. விரல் முன்பே லீவர் மேல் இருந்தால் அந்த முதல் ஒரு நொடியில் கொஞ்சம் மிச்சமாகும். அதனால் சந்திப்பு வரும்போதெல்லாம் இரண்டு விரலை பிரேக் மேல் வைத்தே போ.

சந்திப்புகளில்தான் கவனம் அதிகம் வேண்டும். எதிரே வரும் கார் உன் குறுக்கே திரும்பும், அல்லது பக்கத்துத் தெருவிலிருந்து ஒருவர் வண்டியை வெளியே எடுப்பார். "பார்க்கவே இல்லை" என்பார், பெரும்பாலும் அது உண்மையும்கூட. நேர் எதிரே வரும் பைக் ஒல்லியாகத் தெரியும், காரின் முன்கண்ணாடி ஓரத்துத் தூணுக்குப் பின்னால் முழுசாக மறைந்தும் போகும். சின்ன உருவம் என்பதால் தூரமாக, மெதுவாக வருவதாக எடைபோட்டுவிடுவார்கள். ஓட்டுநர் கண்ணைப் பார்த்தால் போதும் என்று சிலர் சொல்வார்கள், நம்பாதே. உன் பக்கம் பார்த்துக்கொண்டே எடுப்பார்கள். காரின் முன் சக்கரத்தைப் பார், அது சுழல ஆரம்பித்தால் உடனே தெரியும். வேகத்தைக் குறை, லேனுக்குள் கொஞ்சம் பக்கவாட்டில் நகர், அந்த நகர்வு அவர் கண்ணை இழுக்கும். ஹெட்லைட் பகலிலும் எரியட்டும்.

லாரி, பஸ் பக்கத்தில் ஒட்டிப் போகாதே. அதன் பக்கக் கண்ணாடி உனக்குத் தெரியவில்லை என்றால் நீ அவருக்குத் தெரியவில்லை. திரும்பும்போது அதன் பின் சக்கரங்கள் முன் சக்கரத்தைவிட உள்ளே வெட்டி வரும், அந்த இடைவெளியில் பைக் நுழையவே கூடாது.

வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிடு, நடுவில் அல்ல. இடப்பக்கம் திரும்ப இடக்கைப் பிடியை முன்னால் தள்ளு, வண்டி இடப்பக்கம் சாயும். கேட்க விசித்திரமாக இருக்கும், மைதானத்தில் 30-ல் மெதுவாகத் தள்ளிப் பார், புரிந்துவிடும். பார்வை எங்கே போகிறதோ வண்டியும் அங்கேதான் போகும். பள்ளத்தையே வெறித்தால் பள்ளத்தில்தான் இறங்குவாய், தப்பிக்கும் வழியைப் பார்.

மழை தொடங்கிய முதல் சில நிமிடங்கள் ரோட்டில் தேங்கிய எண்ணெய் மிதக்கும், முடிந்தால் ஒதுங்கி நில். பெயின்ட் கோடு, இரும்பு மூடி, ஈர இலை இவற்றின் மேல் பிரேக்கும் வேண்டாம், சாய்வும் வேண்டாம். முன்னால் போகும் வண்டிக்கு வெயிலில் 2 நொடி இடைவெளி என்றால் ஈரத்தில் 4 நொடி.

வண்டியைப் பற்றிச் சுருக்கமாக. டயர் காற்றை வாரம் ஒருமுறை, ஓட்டுவதற்கு முன் டயர் சூடேறாதபோது பார். அளவு மேனுவலில் இருக்கும், பின்னால் ஆள் உட்கார்ந்தால் பின் டயருக்குத் தனி அளவு. புது டயர் வழுக்கும், மேற்பரப்பு லேசாகத் தேயும்வரை பதமாக ஓட்டு. செயின் தொய்வு பல பைக்குகளுக்கு 20 முதல் 30 மில்லிமீட்டர், உன் வண்டிக்கு மேனுவல் சொல்வதே கணக்கு. பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும், 2 ஆண்டுக்கு ஒருமுறை மாற்று. லீவர் பஞ்சுபோல் அமுங்கினால் அன்றைக்கு வண்டியை எடுக்காதே.

ஹெல்மெட் அணிந்தால் விபத்தில் உயிரிழக்கும் வாய்ப்பு ஏறக்குறைய 40 சதவீதம் குறைகிறது. ஸ்ட்ராப் மாட்டாத ஹெல்மெட் விழும்போதே பறந்துவிடும். வாங்கும்போது கன்னம் அழுந்த வேண்டும், நெற்றியில் ஒரே இடத்தில் வலிக்கக் கூடாது. ஸ்ட்ராப்பை மாட்டிவிட்டு, பின்னாலிருந்து தூக்கி முன்னால் தள்ளிப் பார், கழன்றால் அது உன் அளவு அல்ல. உள்ளே இருக்கும் நுரை ஒருமுறை நசுங்கினால் மீளாது. அடி வாங்கிய ஹெல்மெட் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் தூக்கிப் போட்டுவிடு. கையுறையும் கணுக்காலை மூடும் ஷூவும் போடு. விழும்போது கை தானாக முன்னால் போகும், உள்ளங்கைத் தோல் திரும்ப வளர நாளாகும்.

ஒருவேளை விழுந்துவிட்டால் உடனே துள்ளி எழாதே. வண்டி முழுதாக நின்றதா, பின்னால் வாகனம் வருகிறதா என்று பார், கை கால் அசைத்துப் பார், பிறகு ஓரமாக வா. கில் ஸ்விட்சை அழுத்தி எஞ்சினை அணை. வேறு யாராவது அடிபட்டுக் கிடந்தால் ஹெல்மெட்டைக் கழற்றவோ, உட்கார வைக்கவோ, தண்ணீர் கொடுக்கவோ கூட்டம் துடிக்கும். விடாதே. தலையையும் கழுத்தையும் அசையாமல் பிடித்துக்கொள், ஹெல்மெட்டின் முன்கண்ணாடியை மட்டும் மேலே தூக்கிவிடு, ஆம்புலன்ஸைக் கூப்பிடச் சொல். மூச்சு இல்லை, அல்லது வாந்தி அடைக்கிறது என்றால் மட்டும் கழற்றலாம். அப்போதும் இரண்டு பேர் வேண்டும், ஒருவர் கழுத்தையும் பின்மண்டையையும் தாங்க, ஒருவர் ஸ்ட்ராப்பை அறுத்துவிட்டு மெதுவாக இழுக்க.

மைதானம் கிடைத்ததா என்று எழுது.

அன்புடன்,
அப்பா