கார் வாங்குபவர் முதலில் இடத்தைக் காட்டட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புறநகர்த் தெருக்களை அடைத்து நிற்கும் கார்களைப் பற்றித் தங்கள் நாளிதழுக்கு வரும் கடிதங்கள் பெரும்பாலும் அவற்றால் அவதிப்படுகிறவர்கள் எழுதுபவை. நான் அவதியைக் கொடுத்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். பல ஆண்டுகளாகக் கார் வைத்திருக்கிறேன். அதை நிறுத்த எனக்கென்று இடம் இருந்ததில்லை. வண்டி வாங்கும்போது கடனுக்கும் காப்பீட்டுக்கும் ஓட்டுநர் உரிமத்துக்கும் தாள் தாளாகக் கேட்டார்கள். இரவில் அதை எங்கே விடுவீர்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை.

நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் கார் ஓட்டுகிறேன். மீதி 23 மணி நேரமும் அது சும்மா நிற்கிறது. ஒரு கார் நிற்க இரண்டரை மீட்டர் அகலமும் ஐந்து மீட்டர் நீளமும் தேவை என்று வைத்துக்கொண்டால், அது 12.5 சதுர மீட்டர். ஒரு சிறிய படுக்கையறை அளவு. அத்தனை பொது இடத்தை, யாரிடமும் அனுமதி கேட்காமல், வாடகையும் கொடுக்காமல், என் வீட்டு மதிலோரம் வளைத்துப் போட்டிருந்தேன் என்பதுதான் நேர்மையான கணக்கு. எதிர்வீட்டுக்காரரும் அதையே செய்தார். ஆறு மீட்டர் அகலமுள்ள தெருவில் இரு பக்கமும் கார் நின்றால், பக்கவாட்டுக் கண்ணாடிகளையும் சேர்த்து நாலு மீட்டர் போய்விடுகிறது. மீதமுள்ள இரண்டு மீட்டரில் ஆட்டோ நுழையும். ஏறத்தாழ இரண்டரை மீட்டர் அகலமுள்ள தீயணைப்பு வண்டி நுழையாது.

மாலையில் வீடு திரும்புகிறவர்கள் இடம் தேடி மூன்று சுற்றுச் சுற்றுவதும், காலையில் கிளம்புகிறவர்கள் உடைந்த நாற்காலியையோ பூந்தொட்டியையோ நடுவில் வைத்து இடம் பிடித்துவிட்டுப் போவதும் எங்கள் தெருவில் வாடிக்கை. நானும் இரண்டு செங்கல் வைத்தவன்தான். ஒரு நாள் காலையில் என் காரின் வைப்பருக்கு அடியில் ஒரு தாள் செருகியிருந்தது. “ஐயா, இரவு கேட்டைத் திறக்க முடியவில்லை. அம்மாவை நடத்தியே முனை வரை கூட்டிப்போனோம்” என்று எழுதியிருந்தது. திட்டி ஒரு சொல் இல்லை. திட்டியிருந்தால் நானும் பதிலுக்குத் திட்டிவிட்டு மறந்திருப்பேன்.

தெருமுனையில் நிறுத்துவது இதைவிட மோசம். பிரிட்டனின் சாலை விதிகள் சந்திப்பிலிருந்து 10 மீட்டருக்குள் வண்டி நிறுத்தக் கூடாது என்கின்றன. காரணம் எளிது: முனையில் நிற்கும் காருக்குப் பின்னாலிருந்து ஒரு குழந்தை தெருவில் கால் வைக்கும்போது, திரும்பி வரும் ஓட்டுநருக்குக் குழந்தையும் தெரியாது, குழந்தைக்கு வண்டியும் தெரியாது.

இதற்குத் தீர்வு என்றதும் அடுக்குமாடி வாகன நிறுத்தம் கட்ட வேண்டும் என்கிறார்கள். கடைத்தெருவுக்கு வருகிறவர்களுக்கு அது உதவும். ஆனால் வாசலிலேயே இலவசமாக நிறுத்த முடிகிற வரை, குடியிருப்பவர் யாரும் காசு கொடுத்து அரை கிலோமீட்டர் தள்ளி நிறுத்தப் போவதில்லை. குடியிருப்புகளின் வரைபடத்தில் கார் நிறுத்தம் என்று காட்டப்படும் தரைத்தளமோ, சில ஆண்டுகளில் தடுப்புச் சுவர் எழும்பிக் கிடங்காகவோ அலுவலகமாகவோ மாறிவிடுகிறது. எஞ்சிய இடத்திலும் இரு தூண்களுக்கு நடுவே காரைச் சொருகிவிட்டுக் கதவைத் திறக்க வழியின்றி உள்ளேயே உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

ஜப்பானில் 1962ஆம் ஆண்டு இயற்றப்பட்ட ஒரு சட்டத்தின் கீழ், கார் வாங்குகிறவர் அதை நிறுத்தத் தமக்கு இடம் இருப்பதைக் காட்டிக் காவல் நிலையத்தில் சான்று பெற வேண்டும். இடம் சொந்தமாக இருக்க வேண்டும் என்பதில்லை. வாடகைக்குப் பிடித்ததாக இருக்கலாம், ஆனால் வீட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். சிறிய ரக கார்களுக்கும் சில பகுதிகளுக்கும் தளர்வு உண்டு. இரவில் எட்டு மணி நேரத்துக்கு மேல் தெருவில் வண்டியை விட்டுவைப்பதையும் அதே சட்டம் தடுக்கிறது. இந்த இரண்டாவது விதி இல்லாவிட்டால் முதல் விதி வெறும் தாளோடு நின்றுவிடும் என்பது என் எண்ணம்.

இங்கே கொண்டுவந்தால் பொய்ச் சான்று வாங்குவார்கள், வாடகை வீட்டில் இருப்பவர்கள் பாதிக்கப்படுவார்கள் என்ற மறுப்புகளை நான் லேசாக எண்ணவில்லை. முதலாவதற்கு, ஒரே இடத்தை இருவர் பெயரில் காட்ட முடியாதபடி பதிவேடு வேண்டும். இரண்டாவதற்கு, ஏற்கெனவே ஓடும் கார்களை விட்டுவிட்டு, புதிதாகப் பதிவாகும் கார்களிலிருந்து விதியைத் தொடங்கலாம். அப்படியும் கார் வாங்க முடியாமல் சிலருக்கு வருத்தம் ஏற்படத்தான் செய்யும். கார் இல்லாதவர்கள் நடக்க இடமின்றி இத்தனை காலம் பட்ட வருத்தத்தை அதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கக் கேட்டுக்கொள்கிறேன்.

சென்ற மாதம், பத்து நிமிட நடையில் உள்ள ஒரு காலி மனையில் வாடகைக்கு இடம் பிடித்து என் காரை அங்கே மாற்றிவிட்டேன். மழையில் நனைந்துகொண்டு போவது அலுப்பாகத்தான் இருக்கிறது. நான் காலி செய்த மதிலோரத்தில் மறுநாள் விடிவதற்குள் வேறொரு கார் நின்றது.

இப்படிக்கு,
புறநகர் வாசகர் ஒருவர்