மல்லிகாவுக்கு

கட்டபெட்டு

அன்புள்ள மல்லிகா,

தீபாவளிக்கு நீ போட்ட கடிதத்துக்கு இப்போதுதான் பதில். திட்டுவதை நேரில் வந்து திட்டு. இங்கே எல்லோரும் சுகம். ஜெபா இன்னும் அதே ஸ்கூட்டரில்தான் சுற்றுகிறாள், அதே வளைவில்தான் விழுகிறாள்.

என் சாக்லேட் யூனிட்டுக்குக் கடன் சேங்ஷன் ஆகிவிட்டதடி! பி.எம்.இ.ஜி.பி. என்று மத்திய அரசின் சுயதொழில் கடன் திட்டத்தில், கிராமத்தில் தொழில் தொடங்கும் பெண்களுக்கு 35 சதவீதம் மானியம். கைக்காசு 5 சதவீதம் போட்டால் போதும். உடனே பணம் கையில் என்று நினைக்காதே. மானியத்தை 3 வருஷம் பேங்கிலேயே டெபாசிட்டாகப் பூட்டி வைப்பார்கள். தொழிலை ஒழுங்காக நடத்தினால்தான் கடனில் கழிப்பார்கள். மருமகளை நம்பாத மாமியார் கொத்துச்சாவியை இடுப்பிலேயே வைத்திருப்பாளே, அந்தக் கதை. "ஊட்டி முழுக்க சாக்லேட் கடைதானேம்மா?" என்று பேங்க் மேனேஜர் வேறு கேட்டார். அது பொய்யில்லை, அதனால்தான் எரிச்சல்.

என்னைக் கேட்டால் மானியத்தைவிட வரிக்குறைப்புதான் பெரிசு. 2025 செப்டம்பர் 22 முதல் சாக்லேட்டுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதத்திலிருந்து 5 ஆகிவிட்டது. 7,500 ரூபாய் வரையிலான ஹோட்டல் ரூமுக்கும் 12 போய் 5. இதற்கு யாரிடமும் மனு எழுதிக்கொண்டு நிற்க வேண்டாம். ஆனால் மெஷினுக்கு நான் 18 கட்டியாக வேண்டும். 5 சதவீதம் வசூலித்து அதை எப்போது ஈடுகட்டுவது? ஒரு பக்கம் வரியைக் குறைத்து ஆளைக் கூப்பிடுகிறார்கள், இன்னொரு பக்கம் கோர்ட் உத்தரவுப்படி வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ். அதிலும் தப்பு சொல்ல மாட்டேன், மே மாதத்தில் இங்கே ரோட்டில் நடந்து பார்த்தவள் நான்.

உன்னிடம் மட்டும் ஒன்று கேட்கிறேன். உங்க அப்பா வேலை பார்த்த போட்டோ ஃபிலிம் கம்பெனியை 1960இல் சர்க்காரே தொடங்கியது. இந்துநகரே அதனால் வந்த ஊர். கம்பெனி நொடித்ததும் உங்களைப் போல எத்தனை குடும்பம் மலை இறங்கியது! இப்போது அப்படி ஆலை கட்டித் தர யாரும் வரப்போவதில்லை. ஆளுக்குக் கொஞ்சம் கொடுத்து, நீயே நாலு பேருக்கு வேலை கொடு என்கிறார்கள். சரி, ஒருத்தி நொடித்தால் ஊரே நொடிக்காது. ஆனால் அப்பாவுக்கு இருந்த மாதச் சம்பளமும் குவார்ட்டர்ஸும், நான் வேலைக்கு எடுக்கப்போகிற இரண்டு பெண்களுக்கு எங்கிருந்து வரும்? சீசன் முடிந்தால் அவர்களை என்ன செய்வேன்? அப்பாவிடம் கேட்டு எழுது.

அப்புறம், திருப்பூரில் கால் கிலோ அட்டைப்பெட்டி என்ன விலை என்று விசாரி. மலை ரயில் படம் வேண்டாம், இங்கே எல்லாப் பெட்டியிலும் அதுதான்.

உன்
சாந்தி