21 வகையில் நான் எங்கே?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். கலெக்டர் அலுவலகத்தில் நடந்த மாற்றுத்திறனாளிகள் முகாம் பற்றிப் போன வாரம் உங்கள் பேப்பரில் படத்தோடு செய்தி வந்திருந்தது. அதே மாதிரி ஒரு முகாமில் ஆறு மாதத்துக்கு முன்னால் நானும் டோக்கன் வாங்கி உட்கார்ந்திருந்தேன். எலும்பு வரை பரவிய புற்றுநோய் இருந்தும் மாற்றுத்திறனாளிச் சான்று கிடைக்காமல் வெறுங்கையோடு திரும்பினேன். அதைத்தான் எழுதுகிறேன்.

எனக்கு 49 வயது. திருப்பூரில் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லராக இருந்தேன். இருபது வருஷத்துக்கு மேல் மிஷினில் உட்கார்ந்திருந்தாலும் பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடித்தது 2014-க்கு அப்புறம்தான். அதற்கு முன்னால் எல்லாம் பீஸ் ரேட், சனிக்கிழமை சம்பளம், கணக்கு முடிந்தது. 2018-ல் வலது மார்பில் கட்டி. ஆபரேஷன், கீமோ, கரண்ட் (கதிர்வீச்சு) எல்லாம் முடித்து மறுபடியும் வேலைக்குப் போனேன். 2022 தீபாவளிக்கு முந்தின வாரம், ஒன்றரை ஷிப்டு ஓடிக்கொண்டிருந்தது, முதுகு வலி தாங்கவில்லை. மிஷினில் குனிந்தே இருப்பதால் என்று நினைத்துத் தைலம் தேய்த்தேன். ஸ்கேன் எடுத்தால் முதுகெலும்பிலும் இடுப்பிலும் பரவியிருக்கிறது. நாலாம் நிலை. “குணப்படுத்த முடியாதும்மா, ஆனா கட்டுக்குள்ள வெச்சுக்கலாம்” என்றார் டாக்டர். தினம் மாத்திரை, மாதம் ஒருமுறை எலும்புக்கு ஊசி. வைத்தியத்தில் குறை சொல்ல மாட்டேன். என் கைக்காசு பெரிதாகப் போகவில்லை.

வைத்தியம் வேறு, வயிற்றுப்பாடு வேறு.

இ.எஸ்.ஐ.யில் சாதாரண நோய்க்குச் சம்பளத்தில் 70 சதவீதம் வருஷத்துக்கு 91 நாள் தருவார்கள். புற்றுநோய் மாதிரி நீண்ட நாள் நோய் என்றால் 80 சதவீதம், அதிகபட்சம் 2 வருஷம். எனக்குக் கிடைத்தது. அதற்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். ஆனால் அந்த 80 சதவீதம் சம்பளச் சீட்டில் காட்டிய தொகைக்குத்தான். கையில் வாங்கியது வேறு, சீட்டில் இருந்தது வேறு என்பது பனியன் கம்பெனியில் வேலை பார்த்த எல்லோருக்கும் தெரியும். கெடு முடிந்ததும் அதுவும் நின்றது. நோய் நிற்கவில்லை.

அப்புறம் நானே ஒரு தப்புப் பண்ணினேன். 2025 ஆரம்பத்தில் பி.எஃப். பணத்தை எடுக்கலாம் என்று பிரவுசிங் சென்டருக்குப் போனேன். அங்கிருந்த பையன், “பென்ஷன் கணக்குல இருக்கறதையும் சேர்த்து எடுத்தரலாமுங்களா அக்கா?” என்று கேட்டான். பத்து வருஷம் முடியாததால் எடுக்கலாமாம். சரி கண்ணு என்றேன். 60,000 ரூபாய்ச் சொச்சம் வந்தது, வாடகைக்கும் பையன் காலேஜுக்கும் போய்ச் சேர்ந்தது. நாலு மாதம் கழித்து இதைக் கேட்ட தொழிற்சங்கத்துக்காரர் ஒருவர் தலையில் கை வைத்துக்கொண்டார். வேலையில் இருக்கும்போதே நிரந்தரமாக, முழுமையாக உழைக்க முடியாமல் போனவருக்கு அதே திட்டத்தில் ஊனமுற்றோர் பென்ஷன் உண்டாம். அதற்குப் பத்து வருஷக் கணக்கு வேண்டாம், ஒரே ஒரு மாதம் பணம் கட்டியிருந்தாலும் போதுமாம். மெடிக்கல் போர்டு சம்மதிக்க வேண்டும், அவ்வளவுதான். என் காலத்துக்கு அப்புறம் பிள்ளைகளுக்கு 25 வயது வரை ஒரு பங்கு போயிருக்கும். பணத்தை எடுத்ததும் உறுப்பினர் என்பதே போய்விட்டது, இனிக் கேட்க முடியாது. பையனைக் குறை சொல்லவில்லை, அவன் கேட்டான், நான் தலையாட்டினேன். இதைப் படிக்கிற யாராவது அந்த இடத்தில் ஒரு நாள் யோசித்தால் சரி.

மிச்சம் இருந்தது மாற்றுத்திறனாளி அட்டைதான். ஊனம் 40 சதவீதம் என்று சான்று கிடைத்தால் வருவாய்த் துறையில் மாதம் 1,500 ரூபாய்க்கு விண்ணப்பிக்கலாம் என்றார்கள். ஃபைல் முழுக்க ஸ்கேனோடு அந்த முகாமுக்குப் போனேன்.

ஆபரேஷனுக்குப் பின் என் வலது கை வீங்கியே இருக்கிறது. வளையல் ஏறாது. முகாம் டாக்டர் கையைத் தூக்கச் சொல்லி, தோள் எவ்வளவு திரும்புகிறது என்று ஒரு கருவியை வைத்து அளந்தார். பிள்ளைகளின் ஜாமெட்ரி பாக்ஸில் இருக்கும் கோணமானியேதான், இரண்டு கை வைத்தது. அளந்துவிட்டு, தோளுக்கு 20 சதவீதம் போடலாம் என்றார். முதுகெலும்பு ஸ்கேனை நீட்டினேன். அவர் நல்ல மனுஷர், பொறுமையாகப் பார்த்தார். “நடந்துதானேம்மா வந்தீங்க? நரம்பு அமுங்கிக் கால் வராமப் போனா அப்ப வாங்க, எழுதித் தர்றேன்” என்றார்.

குடம் தூக்காதே, குனிந்து பெருக்காதே, பஸ்ஸில் பின் சீட்டில் உட்காராதே என்று என் கேன்சர் டாக்டர் சொல்லியிருப்பதெல்லாம் கால் போகாமல் இருக்கத்தான். மாதா மாதம் ஊசி போடுவதும் அதற்குத்தான். கால் போனால்தான் சான்று என்றால் நான் எதற்கு ஊசிக்குப் போகிறேன்?

முகாம் டாக்டர் பக்கத்தில் இருந்த இன்னொருவர் கேட்டார், “இது நிரந்தரமாம்மா, இல்ல மாறுமா?” மாறும் சார், மோசமாகத்தான் மாறும் என்றேன். படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

அங்கேயே தெரிந்துகொண்டேன், 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகை ஊனம் இருக்கிறது, புற்றுநோய் அதில் இல்லை. 1995 சட்டத்தில் 7 வகைதான் இருந்ததாம், அதை 21 ஆக்கியிருக்கிறார்கள். தலசீமியா, ஹீமோபிலியா எல்லாம் உள்ளே வந்துவிட்டன. அவை நோய்தானே? கீமோ வார்டில் எனக்குத் தெரிந்த அண்ணன் ஒருவருக்குத் தொண்டையில் கேன்சர், குரல்வளையையே எடுத்துவிட்டார்கள், நோட்டில் எழுதித்தான் பேசுவார். அவருக்கு அட்டை கிடைத்திருக்கிறது, சட்டத்திலேயே குரல்வளை எடுத்தவர் என்று இருக்கிறதாம். கிடைக்கட்டும், சந்தோஷம். அதே நோய் முதுகெலும்பைத் தின்றால் கணக்கில் வராது. அந்தச் சட்டத்தின் அட்டவணைக் கடைசியில் ‘மத்திய அரசு அறிவிக்கும் வேறு வகை’ என்று ஒரு வரி இருப்பதாகச் சங்கத்துக்காரர் காட்டினார். அப்படியானால் சட்டத்தை மாற்றக்கூட வேண்டாம், ஓர் அறிவிப்பே போதும்.

மாநில அரசும் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. ஹரியானாவில் 3, 4-ம் நிலைப் புற்றுநோயாளிகளுக்கு மாத உதவித்தொகை தருகிறார்கள், அட்டை கேட்காமல் நோயையே காரணமாக வைத்து. ரயில்வேயைப் பாருங்கள். சிகிச்சைக்காகப் போகும் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பரில் டிக்கெட் முழுக்க இலவசம், கூட வருபவருக்கு முக்கால் பங்கு தள்ளுபடி. ஒருமுறை பெரிய ஸ்கேனுக்குச் சென்னை போனபோது ஆஸ்பத்திரியில் முத்திரை வைத்துக் கொடுத்த ஒரே தாளில் வேலை முடிந்தது. கவுன்டரில் எத்தனை சதவீதம் என்று யாரும் கேட்கவில்லை. அந்த ஒரு தாள் ரயிலுக்குப் போதும், 1,500 ரூபாய்க்குப் போதாதா?

நான் கேட்பது இவ்வளவுதான். நாலாம் நிலை என்று வைத்தியம் பார்க்கிற டாக்டர் எழுதிக் கொடுத்தால் அதையே சான்றாக எடுத்துக்கொள்ள வேண்டும். அதுவும் ஊசிக்குப் போகும் ஆஸ்பத்திரியிலேயே முடிய வேண்டும். முகாமில் அன்றைக்கு மூன்றரை மணி நேரம் பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்துவிட்டு வந்து இரண்டு நாள் படுத்துக் கிடந்தேன். அதையும் யாராவது கோணமானி வைத்து அளந்திருக்கலாம்.

கடிதத்தைப் போட்டால் தயவுசெய்து என் பெயரைப் போட வேண்டாம், ஊர் மட்டும் போதும். மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

இப்படிக்கு,
ஓர் ஓவர்லாக் டெய்லர்,
திருப்பூர்.