சாவடிப் பதிவேடும் உன் புது வீடும்

செங்கோட்டை,
ஆடி மாதம், ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள மகள் கோமதிக்கு,

அப்பா எழுதுவது. இங்கு அனைவரும் நலம். சாரல் தொடங்கியதிலிருந்து அம்மாவுக்கு முழங்கால் வலி சற்றுக் கூடியிருக்கிறது. மற்றபடி கவலைப்பட ஒன்றுமில்லை. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

கொச்சி காக்கநாட்டுப் புது வீட்டில் பொருத்தித் தருவதாகக் கட்டுமான நிறுவனம் சொன்ன ஸ்மார்ட் சாதனங்களின் பட்டியலை நீ அனுப்பி, எதை எடுக்கலாம், எதை விடலாம் என்று கேட்டு மூன்று வாரம் ஆகிறது. போனில் சொல்லியிருப்பேன். ஆனால் நீ அலுவலகக் கூட்டத்துக்கு இடையில் கேட்பாய், நானும் பாதியில் நிறுத்திவிடுவேன். இது பாதியில் விடக்கூடிய விஷயம் இல்லை என்று எனக்குத் தோன்றியதால், இத்தனை நாள் படித்துப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

கேரள எல்லையிலுள்ள புளியரைச் சோதனைச் சாவடியில் நான் எழுத்தராக இருந்த காலம் உனக்கு நினைவிருக்கும். 2017 ஜூலை 1 அன்று ஜிஎஸ்டி வந்ததோடு அந்தச் சாவடிகளின் வேலை முடிந்துவிட்டது. அதுவரை ஆரியங்காவுக்கு ஏறும் ஒவ்வொரு லாரிக்கும், அங்கிருந்து இறங்கும் ஒவ்வொரு லாரிக்கும் பதிவேட்டில் ஏழு கட்டங்களை நிரப்புவோம்: வண்டி எண், பில் எண், சரக்கு, எடை, புறப்பட்ட ஊர், போய்ச் சேரும் ஊர், கடந்த நேரம். வைக்கோலோ சிமெண்டோ காய்கறியோ, எங்களுக்கு வேண்டியது வரி மட்டும்தான். அந்த ஏழு கட்டங்களில் யாருடைய அந்தரங்கமும் இருப்பதாக நான் அன்று நினைத்ததே இல்லை.

ஒரு மார்கழி மாதப் பகலில், கடையநல்லூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பெண் பஸ் ஏறி வந்து ஜன்னலுக்கு வெளியே நின்றாள். கணவரின் லாரி எண்ணைச் சிகரெட் அட்டையின் பின்புறம் எழுதி வைத்திருந்தாள். "ஐயா, இந்த வண்டி எந்தக் கிழமை இறங்குச்சுன்னு மட்டும் பார்த்துச் சொல்லுங்க" என்று கேட்டாள். விபத்து ஏதும் நடந்துவிட்டதோ என்ற பதற்றத்தில் இருக்கிறாள் என்று எண்ணி, நானும் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். செவ்வாய்க்கிழமை இரவு 11.40, காலி வண்டி. வாசித்துக் காட்டினேன். அவள் ஜன்னல் கம்பிக்கு இடையில் கையை நீட்டி, அந்த வரியின் மேல் விரலை வைத்து, "செவ்வாயா?" என்று ஒரு முறை கேட்டுவிட்டுப் போய்விட்டாள். அவள் கணவர் வீட்டுக்கு வந்தது வெள்ளிக்கிழமை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. தை பிறந்த பிறகு ஒரு நாள் அந்த ஓட்டுநர் பில்லை நீட்டியபடி அதே ஜன்னலில் நின்று, "சார், நீங்கதானா சொன்னது?" என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. அவரும் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை.

அவளுக்கு உண்மை தெரிய வேண்டாமா என்று உன் அம்மா அன்று கேட்டாள். அது நியாயமான கேள்விதான். ஆனால் வரிக்காக எழுதிய பதிவேடு ஒரு குடும்பத்தின் வழக்குக்குச் சாட்சி சொல்லிவிட்டது. அப்படிச் சொல்லும் என்று எழுதிய எனக்கே தெரியாது. இத்தனை ஆண்டு கழித்தும் அதுதான் என்னை உறுத்துகிறது. எழுதி வைத்த ஒன்று, எதற்காக எழுதப்பட்டதோ அந்தக் கேள்விக்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளாது. எவர் கேட்டாலும், எப்போது கேட்டாலும், எதைக் கேட்டாலும் பதில் சொல்லும். உன் பட்டியலில் இருக்கும் ஒவ்வொரு சாதனமும் உன் வீட்டுக்குள் வைக்கப்படும் ஒரு பதிவேடு என்றுதான் எனக்குத் தெரிகிறது.

தொலைக்காட்சியை எடுத்துக்கொள். திரையில் ஓடும் படத்திலிருந்து சிறு சிறு மாதிரிகளை எடுத்து, அவற்றைச் சுருக்கி ஒரு கைரேகை போலாக்கி, நிறுவனத்தின் கணினிக்கு அனுப்பி, இந்த வீட்டில் இந்த நேரத்தில் இன்ன நிகழ்ச்சி ஓடுகிறது என்று கண்டுகொள்ளும் ஏற்பாடு இப்போது பல ஸ்மார்ட் டிவிகளுக்குள் இருக்கிறது. கேபிள் பெட்டி வழியாக வந்தாலும், பென் டிரைவில் இருந்து வந்தாலும் அதற்குத் திரையில் தெரிவதுதான் கணக்கு. அமெரிக்காவில் விசியோ என்ற நிறுவனம் இப்படி 1 கோடியே 10 லட்சம் டிவிகளிலிருந்து, வீட்டாருக்குத் தெளிவாகச் சொல்லாமல், நொடிக்கு நொடி பார்வை விவரங்களைத் திரட்டி விற்றது என்று அந்நாட்டு வணிக ஆணையம் வழக்குத் தொடுத்தது. 2017 பிப்ரவரியில் 22 லட்சம் டாலர் கட்டி அந்நிறுவனம் வழக்கை முடித்துக்கொண்டது. டிவியை முதலில் பொருத்தும்போது வரிசையாக வரும் ஒப்புதல் பக்கங்களை நாம் 'சரி, சரி' என்று அழுத்திக்கொண்டே போகிறோமே, இந்த ஏற்பாடு பெரும்பாலும் அந்தப் பக்கங்களில்தான் ஒளிந்திருக்கும். ஆகவே டிவி பொருத்தும் நாளில் மாப்பிள்ளை பக்கத்தில் இருந்து, ஒவ்வொரு பக்கத்தையும் வாசித்து, வேண்டாம் என்பதற்கு வேண்டாம் என்றே அழுத்தட்டும்.

இதைவிட எனக்குப் பெரிய கவலை, குழந்தையின் அறையில் நீ ஏற்கெனவே வைத்திருக்கும் ஸ்பீக்கர்தான். பெயர் சொல்லி அழைத்த பிறகுதான் அது கேட்கத் தொடங்கும் என்று நீ சொன்னாய். அழைத்ததாகத் தவறாக எண்ணிக்கொண்டும் அது பதிவு செய்யும் என்பதையும், அப்படிப் பதிவானவற்றில் ஒரு பகுதியை, கருவியைத் திருத்துவதற்காக மனிதர்களே உட்கார்ந்து கேட்டார்கள் என்பதையும் 2019-இல் வந்த செய்திகள் வெளிக்கொண்டு வந்தன. குழந்தைகளின் குரல் பதிவுகளை வேண்டிய காலத்துக்கு மேலும் வைத்திருந்ததாகவும், பெற்றோர் நீக்கச் சொன்ன பிறகும் முழுமையாக நீக்கவில்லை என்றும், இத்தகைய ஸ்பீக்கர்களை விற்கும் அமேசான் மீது அமெரிக்க அரசு வழக்குத் தொடுத்தது. 2023-இல் அந்நிறுவனம் 2 கோடியே 50 லட்சம் டாலர் அபராதம் கட்ட ஒப்புக்கொண்டது. நான்கு வயதுக் குழந்தை இரவில் எதற்குப் பயப்படுகிறது, யாரிடம் கோபித்துக்கொள்கிறது, தூக்கத்தில் யார் பெயரைச் சொல்கிறது என்பதெல்லாம் உனக்கும் மாப்பிள்ளைக்கும் தெரிந்தால் போதும். 'பகலில் பக்கம் பார்த்துப் பேசு, இரவில் அதுவும் பேசாதே' என்று உன் ஆச்சி சொல்வாள். பக்கம் பார்க்கத் தெரியாத குழந்தைக்காக அதைப் பெரியவர்கள்தான் பார்க்க வேண்டும்.

தரை துடைக்கும் ரோபோவைப் பற்றி நீ எதுவும் கேட்கவில்லை, நானாகச் சொல்கிறேன். போன தீபாவளிக்கு நாங்கள் வந்திருந்தபோது மாப்பிள்ளை தம் போனில் அது வரைந்த வீட்டு வரைபடத்தைக் காட்டினார். கூடம் எங்கே, கட்டில் எங்கே, உன் அம்மாவுக்காகத் தரையில் விரித்த பாய் எங்கே என்று எல்லாம் அதில் இருந்தது. பாய் கிடந்த இடம் மட்டும் சாம்பல் நிறத்தில் ஒரு நீள்சதுரமாக விடுபட்டிருந்தது. அவர் பெருமையோடுதான் காட்டினார், நானும் வியந்துதான் பார்த்தேன். பிறகுதான் படித்தேன்: இத்தகைய ரோபோக்களைத் தயாரிக்கும் ஐரோபாட் நிறுவனம் சோதனைக்காகத் தன் ஊழியர்களிடமும், பணம் பெற்றுச் சோதிக்க ஒப்புக்கொண்டவர்களிடமும் கொடுத்த கருவிகள் 2020-இல் எடுத்த படங்கள், அவற்றுக்குக் குறிப்பு எழுதும் வேலையில் இருந்தவர்கள் வழியாகச் சமூக வலைதளக் குழுக்களுக்குப் போய்விட்டன. கழிப்பறையில் இருந்த ஒரு பெண்ணின் படமும் அவற்றில் உண்டு. 2022 டிசம்பரில் இது வெளியே வந்தது. கடையில் விற்கும் கருவிகள் அல்ல அவை என்று நிறுவனம் விளக்கியது. அதை நான் மறைக்கவில்லை. ஆனாலும் ஒரு படம் எத்தனை கைகள் மாறுகிறது என்பதை அந்தச் செய்தியில்தான் நான் கண்டேன். வரைபடத்தைச் சேமிக்காமல், இணையத்தோடு இணைக்காமல் ஓடும் கருவி கிடைத்தால் வாங்கு. இல்லாவிட்டால் விளக்குமாறு போதும்.

இனி நம் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். இதை உன்னிடம் இதுவரை சொல்லவில்லை. இரண்டு ஆண்டுகளுக்கு முன் நீ பணம் அனுப்பி, வாசலுக்கு ஒன்றும் கூடத்துக்கு ஒன்றுமாகக் கேமரா பொருத்தச் சொன்னாய் அல்லவா? பொருத்த வந்த பையன் நல்லவன், வேலையும் சுத்தம். என் போனில் செயலியைப் போட்டுக் காட்டிவிட்டுப் போனான். நான்கு மாதம் கழித்து, படம் நின்று நின்று வருகிறதே என்று அடுத்த தெருவில் இருக்கும் கணினி ஆசிரியரிடம் காட்டினேன். அவர் அமைப்புகளைத் திறந்து பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, இந்தக் கேமராவுக்கு உரிமையாளர் வேறு ஒரு நம்பர், நீங்கள் இதில் விருந்தாளிதான்" என்றார். அந்தப் பையன் தன் சொந்தக் கணக்கில் பதிவு செய்து, அதை எனக்குப் பகிர்ந்துவிட்டிருந்தான். அவன் பார்த்தான் என்று நான் சொல்லமாட்டேன். எல்லா வீட்டிலும் அப்படித்தான் செய்வதாகவும், வேலை சீக்கிரம் முடியும் என்பதற்காகவே செய்ததாகவும் சொன்னான். ஆனால் அந்த நான்கு மாதமும் உன் அம்மா தலை துவட்டியதும், கால் வலிக்குச் சேலையை முழங்காலுக்கு மேல் ஏற்றிவிட்டுத் தைலம் தேய்த்ததும் அந்தக் கூடத்தில்தான். கடவுச்சொல்லோ, பெட்டியோடு வந்த அதே எண் வரிசை. 2016 அக்டோபர் 21 அன்று அமெரிக்காவின் பெரிய இணையதளங்கள் பலவற்றை முடக்கிய மிராய் என்ற தீங்கு மென்பொருள், இப்படி மாற்றப்படாத கடவுச்சொற்களைக் கொண்ட கேமராக்களையும் பதிவுப் பெட்டிகளையும் பிடித்துத்தான் படை திரட்டியிருக்கிறது என்று பின்னர் படித்தபோது, என் கூடத்துச் சுவரில் இருந்ததும் அந்த இனம்தானே என்று நினைத்துக்கொண்டேன். ஆசிரியர் சொன்ன அன்றே கூடத்துக் கேமராவைக் கழற்றி, அதன் நினைவட்டையை எடுத்து, பரணில் போட்டுவிட்டேன். வாசல் கேமராவை என் எண்ணில் புதிதாகப் பதிந்து, தெருவை மட்டும் பார்க்கும்படி திருப்பியிருக்கிறேன்.

சட்டம் இருக்கிறதே என்பாய். இருக்கிறது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒன்பது நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வு 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. 2023-இல் வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒப்புதல் கொடுப்பது எவ்வளவு எளிதோ அதைத் திரும்பப் பெறுவதும் அவ்வளவு எளிதாக இருக்க வேண்டும் என்கிறது. பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்டவரின் விவரத்துக்குப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது. ஆனால் ஒருவர் தம் சொந்த வீட்டுத் தேவைக்காகத் திரட்டும் விவரங்களை அச்சட்டம் தன் எல்லைக்கு வெளியே விட்டுவிடுகிறது. அதாவது, உன் வீட்டுக்கு வேலைக்கு வரும் சேச்சியை உன் சமையலறைக் கேமராவிலிருந்து அந்தச் சட்டம் காப்பாற்றாது. நீதான் காப்பாற்ற வேண்டும். அவரிடம் யாரும் ஒப்புதல் பக்கத்தை நீட்டப்போவதில்லை. சமையலறையில் கேமரா வேண்டாம்.

உன் பட்டியலுக்கு என் பதிலைச் சுருக்கமாகவே சொல்லிவிடுகிறேன். வாயு கசிந்தால் அந்த இடத்திலேயே கத்தும் கருவியையும், தொட்டி நீர்மட்டம் காட்டுவதையும் தயங்காமல் எடு. வாசல் பூட்டுக்கு எண் அழுத்தித் திறக்கும் வகை போதும். இணையத்தோடு பேசும் வகை வேண்டாம். துணி துவைக்கும் இயந்திரத்தையும் குளிர்பதனப் பெட்டியையும் வாங்கிக்கொள், ஆனால் வைஃபை கடவுச்சொல்லை அவற்றுக்குக் கொடுக்காதே. அது இல்லாமலே துணி வெளுக்கும். மின்சாரத்தை அளக்கும் ஸ்மார்ட் பிளக்குகளை வேண்டாம் என்று சொல்லிவிடு. ஒரு வீட்டுக்குள் போகும் மின்சாரத்தின் ஏற்ற இறக்கத்தை மட்டும் வைத்து, எந்தக் கருவி எப்போது ஓடியது என்று பிரித்தறியும் முறையை அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் ஹார்ட் என்பவர் 1980-களிலேயே உருவாக்கிவிட்டார்; எங்கள் ஏழு கட்டங்களைப் போலத்தான் அதுவும். இணைத்தே ஆக வேண்டிய சாதனம் ஏதாவது இருந்தால், ரூட்டரில் விருந்தினருக்கென்று தனி இணைப்பை உருவாக்கி, அதை அங்கே வை. உங்கள் போன்களும் மடிக்கணினிகளும் அதோடு கலக்க வேண்டாம். ரூட்டரின் கடவுச்சொல்லைப் பொருத்தியவர் கிளம்பிய உடனே மாற்றிவிடு.

கடைசியாக, நீ கேட்டுக்கொண்டே இருக்கும் அந்த ஒன்று. கூடத்துக் கேமராவை மறுபடியும் மாட்டச் சொல்கிறாய். அம்மா விழுந்துவிட்டால் யாருக்குத் தெரியும் என்ற உன் பயம் எனக்கு நன்றாகப் புரிகிறது. எனக்கும் அந்தப் பயம் இருக்கிறது. ஆனால் மகளின் கண்ணாக இருந்தாலும், பகல் முழுவதும் ஒரு கண் தன்மேல் இருக்கிறது என்று தெரிந்த பிறகு உன் அம்மா கூடத்தில் உட்காருவதையே விட்டுவிட்டாள். தைலத்தை எடுத்துக்கொண்டு இருட்டான உள்ளறைக்குப் போய்விடுவாள். கேமராவைக் கழற்றிய மறுநாள்தான் பழையபடி ஜன்னலோரம் வந்து அமர்ந்தாள். அதற்குப் பதிலாகக் குளியலறையில் கைப்பிடிக் கம்பி போட்டாயிற்று. கட்டிலுக்குப் பக்கத்தில் அழைப்பு மணி இருக்கிறது. அழுத்தினால் பக்கத்து வீட்டில் ஒலிக்கும். காலை ஏழு மணிக்கும் இரவு எட்டு மணிக்கும் நான் உன்னைக் கூப்பிடுகிறேன். ஏதாவது ஒரு வேளை என் அழைப்பு வரவில்லை என்றால் நீ பக்கத்து வீட்டுக்குப் பேசு.

ஆவணியில் பால் காய்ச்சுக்குப் பாலருவி எக்ஸ்பிரஸில் வருகிறோம். முந்தின நாளே வந்துவிடுவோம். குழந்தைக்கு இரவில் கதை சொல்லும் வேலையை நாங்கள் இருக்கும் வரை அம்மா பார்த்துக்கொள்வாள், அதற்காகவே இரண்டு வாரம் தங்கப்போவதாகச் சொல்கிறாள். அந்த ஸ்பீக்கரை இன்றிரவே அந்த அறையிலிருந்து எடுத்துவிடு. யாருக்கும் கொடுப்பதற்கு முன் செயலிக்குள் போய்ப் பழைய குரல் பதிவுகளை முழுவதும் நீக்கி, கருவியைத் தொழிற்சாலையிலிருந்து வந்த நிலைக்குத் திருப்பிவிட்டுக் கொடு. நீக்கியாயிற்றா என்று நாளைக் காலை ஏழு மணிக்குக் கேட்பேன்.

அன்புடன்,
அப்பா